ஒரு பிற்பகலின் தீர்ப்பு

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு நீட் தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆவடி வட்டாரத்தில் கோடைமழை அடித்துப் பெய்தது; மத்திய ரிசர்வ் போலீஸ் படை வளாகத்துக் கேந்திரிய வித்யாலயாவில் கரண்ட் போனது. மூன்று மணியிலிருந்து நாலேகால் வரை வரவில்லை, மழைநீர் உள்ளே வந்ததால் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது, கூடுதல் நேரமும் தரவில்லை என்று அங்கே எழுதிய மாணவர்கள் சிலர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மறுதேர்வு வேண்டும் என்பது கோரிக்கை. தேசியத் தேர்வு முகமை மறுத்தது. அந்த மையத்தில் எழுதியவர்கள் விடையளித்த கேள்விகளின் எண்ணிக்கையைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்ததில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வில் சிலருக்காக மறுதேர்வு வைத்தால் சமநிலை குலையும் என்ற வாதத்தை ஏற்று, ஜூன் 6 அன்று நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குற்றம் காண்பது எளிதல்ல. குற்றம் அதற்கு முந்திய இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு, 180 நிமிடத்தில் 180 கேள்வி என்ற ஒரே பிற்பகலிடம் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை ஒப்படைப்பது எந்த அறத்தில் சேர்த்தி? அந்த 180 நிமிடத்தில் 75 நிமிடம் இருண்டுபோனால், ஈடுசெய்ய அந்தப் பிள்ளையிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியலில் பொதுப்பிரிவினர் 50 சதவீதம் எடுத்தால் போதும். அதற்குமேல் எடுத்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் மருத்துவக் கவுன்சலிங்கில் செல்லாக்காசு. ஒற்றைத் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கல்லூரி இடத்தைப் பங்கிடுவது அநீதி. பள்ளியில் ஒருவர் காட்டிய உழைப்பையும், எந்த நிலையிலிருந்து எவ்வளவு தூரம் ஏறிவந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்காத எந்தத் தேர்வுமுறைக்கும் தகுதி என்ற சொல்லை உச்சரிக்க உரிமை இல்லை.

இந்த அநீதியின் வரைபடத்தைக் கரையான்சாவடியில் நின்றுகொண்டே பார்க்கலாம். ஆவடிச் சாலையும் பூந்தமல்லி ட்ரங்க் ரோடும் சேரும் இடம் அது. அங்கிருந்து கிழக்கே போரூரில் ஒரு மருத்துவக் கல்லூரி, வேலப்பன்சாவடியில் ஒன்று, நசரத்பேட்டைப் பக்கம் ஒன்று, மாங்காட்டைத் தாண்டினால் ஒன்று, பெங்களூர் நெடுஞ்சாலையில் தண்டலத்தில் இன்னொன்று. எல்லாம் தனியார் கல்லூரிகள் அல்லது நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்கென்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. அங்கே சேர நீட்டில் முன்வரிசையில் நிற்க வேண்டியதில்லை. எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே இருந்தால், அதாவது 50-ஆவது பெர்சென்டைலைத் தொட்டால், பொதுப்பிரிவினருக்குத் தகுதி வந்துவிடும். மிச்சத்தைச் செக் புத்தகம் பார்த்துக்கொள்ளும். கூடுதல் மதிப்பெண் எடுத்த ஏழைப் பிள்ளை வெளியே, குறைவாக எடுத்த பணக்காரப் பிள்ளை உள்ளே. இதற்குத் தகுதி என்று பெயர்! முதுநிலை நீட்டில் காலியிடங்களை நிரப்ப 2023 செப்டம்பரில் தகுதி அளவை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்யம் பெர்சென்டைல் ஆக்கினார்கள். எழுதியிருந்தால் போதும் என்று அதற்குப் பொருள். தகுதியைக் காக்கவே இந்தத் தேர்வு என்று பத்தாண்டாகச் சொன்னவர்கள் அன்று எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

ஒருவரின் தகுதியை எப்படி அளப்பது என்பதைப் பற்றித் தமிழ் நூல்கள் பேசாமல் இல்லை. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோருக்குத் தராசுக்கோலை உவமை காட்டுகிறார். அந்தக் கோல் முதலில் தான் சமமாக நின்று, பிறகுதான் பொருளை எடைபோடுகிறது. நிறுக்கும் முன்பே ஒரு தட்டில் இரண்டு ஆண்டுக் கோச்சிங்கை வைத்துவிட்டு, கோல் சாய்ந்த பக்கத்தைத் திறமை என்று அறிவிப்பது குறள் சொன்ன நடுவுநிலைமை ஆகாது. தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் அவர் இன்னும் விரிவாகப் போகிறார். குணத்தையும் குற்றத்தையும் சேர்த்து ஆராய்ந்து மிகுந்ததைக் கொள்ளச் சொல்கிறார். ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல் அவரவர் செயல்தான் என்கிறார். செயல் என்பது நாள்தோறும் நடப்பது. அது ஓ.எம்.ஆர். தாளில் கருப்பு மையால் நிரப்பும் வட்டத்தில் முடிந்துபோகாது.

மருந்து அதிகாரமோ நேராக மருத்துவனிடமே பேசுகிறது. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் பார்த்துச் சிகிச்சை செய்யச் சொல்கிறது. நோயாளியைப் பல கோணத்தில் பார்க்கவேண்டியவரை, ஒரே கோணத்தில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்ன முறை? நன்னூலில் பவணந்தி மாணாக்கரை முதல், இடை, கடை என்று தரம் பிரித்தார். அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று அவர் சொன்ன உவமைகள் எல்லாம் ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார், கற்றதில் எதை வைத்துக்கொள்கிறார் என்பதைப் பற்றியவை. பக்கத்திலிருந்து பல நாள் பார்த்த ஆசிரியரால்தான் அப்படித் தரம் பிரிக்க முடியும். புறநானூற்றில் கல்வியைப் பாடிய பாண்டியன் நெடுஞ்செழியன், கீழ்ப்பிறப்பாளன் என்று உலகம் ஒதுக்கியவனும் கற்றுவிட்டால் மேற்பிறப்பாளன் அவனிடம் போய்ப் பணிவான் என்கிறான். அவன் பேசியது கற்றலைப் பற்றி; ரேங்க் பட்டியலைப் பற்றி அல்ல. அந்தப் பெயர்கொண்ட பாண்டியனையே சிலப்பதிகாரம் வேறோர் இடத்தில் நிறுத்துகிறது. ஒரு சிலம்பை மட்டும் சான்றாக நம்பி, விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னான். அதற்கு அவன் உயிரே விலையானது. ஒரே சான்றை வைத்து ஒருவர் வாழ்க்கையை முடிவுசெய்வது எவ்வளவு பெரிய பிழை என்று சொல்லத் தமிழருக்கு வெளியூர் ஆதாரம் தேவையில்லை.

இனி எண்களைப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் தமிழ்நாடு அரசு 2021-ல் அமைத்த குழு, நீட் வந்த பிறகு மாநில மருத்துவக் கல்லூரிகளில் யார் சேர்ந்தார்கள் என்று ஆராய்ந்தது. அதன் அறிக்கையில் உறைக்கும் எண் ஒன்று உண்டு. 2016-17-ல் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள், கோச்சிங் சென்டர் மொழியில் ரிப்பீட்டர்கள், 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம். நூறு இடத்தில் எழுபத்தோரு இடம், பள்ளி முடித்தபின் இன்னும் ஓராண்டோ இரண்டாண்டோ வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டு லட்சக்கணக்கில் பயிற்சிக் கட்டணம் கட்டமுடிந்த குடும்பங்களுக்குப் போனது. தமிழ் வழியில் படித்துச் சேர்ந்தவர்களின் பங்கு இரண்டு சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. திறமையை அளப்பதாகச் சொன்ன கருவி உண்மையில் அளந்தது கையிருப்பையும் காத்திருக்கும் வசதியையும்தான்.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவுக்குக் காத்திருக்க வசதி இல்லை. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. பழைய முறை இருந்திருந்தால் 200-க்கு 196.75 கட் ஆஃப். நீட்டில் 720-க்கு 86. உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பார்த்தார். 2017 செப்டம்பர் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டு சேர்த்த சான்றுகளைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல் ஒரு நாட்டின் நிர்வாகம் மூடி வைத்தது. இதைச் சகித்துக்கொள்ளும் சமூகம் அறநூல்களைப் பாடத்திட்டத்தில் வைத்துக்கொண்டு என்ன பயன்?

சரி, அந்த ஒற்றைத் தேர்வாவது சுத்தமாக நடக்கிறதா என்றால், 2024-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஏறக்குறைய 23 லட்சம் பேர் எழுதினார்கள். மக்களவைத் தேர்தல் முடிவு வந்த ஜூன் 4 அன்றே ரிசல்ட்டும் வந்தது. 67 பேர் 720-க்கு 720. நேரம் வீணானது என்று 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டிருந்தார்கள். பிறகு அதை ரத்து செய்து மறுதேர்வு வைத்தார்கள். ஹசாரிபாக்கில் ஒரு பள்ளியிலிருந்து வினாத்தாள் வெளியே போய் பாட்னா வரை வந்தது சி.பி.ஐ. விசாரணையில் தெரிந்தது. வினாத்தாள் கசிந்தது உண்மை, ஆனால் தேர்வு முழுவதையும் ரத்து செய்யும் அளவுக்குப் பரவவில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. தமிழ்நாடும் இதில் கைசுத்தம் என்று நெஞ்சை நிமிர்த்த முடியாது. 2019-ல் தேனி மருத்துவக் கல்லூரியில் ஆள்மாறாட்டம் வெளிவந்தது. அதே ஆண்டு நாமக்கல் பயிற்சி நிறுவனங்களில் வருமான வரித்துறை கட்டுக்கட்டாகப் பணம் எடுத்தது. ஒரே ஒரு வாசல் வைத்தால் அந்த வாசலில்தான் அத்தனை திருடர்களும் கூடுவார்கள்.

மாற்று என்ன என்று கேட்பவர்கள், அது இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டிய பொருள் என்பதுபோலக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 1984 முதல் இருபது ஆண்டுக்கு மேல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது தடை என்று கண்டு, எம். ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி 2006-ல் சட்டம் இயற்றி, 2007-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கி நீக்கினார்கள். அன்றிலிருந்து நீட் நுழையும் வரை பிளஸ் டூ மதிப்பெண்தான் மருத்துவத்துக்கும் அளவுகோல். பொறியியலுக்கு இன்றும் அதுதான். அந்தப் பத்தாண்டில் படித்து வந்தவர்கள்தான் இன்று தாலுகா மருத்துவமனைகளில் பிரசவம் பார்க்கிறார்கள், அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அவர்கள் குறைந்த மருத்துவர்கள் என்று யாரும் நிரூபித்ததில்லை.

ஆனால் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதவில்லை. அந்தக் காலத்திலும் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். நீட் அதை ஒற்றை இலக்கத்துக்குத் தள்ளியது. நிலைமையை மாற்றியது வேறொரு விதி. நீதிபதி பி. கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையில் பிறந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அது. ஆளுநர் மாளிகையில் மசோதா கிடந்தபோது 2020 அக்டோபர் 29 அன்று மாநில அரசு அரசாணை போட்டது. மறுநாளே ஆளுநரின் கையெழுத்து வந்தது. முதலாண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாக ஏறத்தாழ நானூறு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். கூலி வேலை செய்பவரின் மகள், ஆடு மேய்ப்பவரின் மகன் என்று அந்த ஆண்டு பத்திரிகைகளில் வந்த படங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை எங்கே படித்தது என்று பார்ப்பது சலுகை ஆகாது. அது அளவையின் ஒரு பகுதி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1997-லேயே இதைச் சட்டமாக்கியது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றார்கள். பணக்காரப் பேட்டைப் பள்ளியும் எல்லையோர ஏழைப் பள்ளியும் அந்தக் கணக்கில் ஒன்று.

இன்னும் அழகான உதாரணம் வேலூரில் இருந்தது. ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே எழுத்துத் தேர்வு முதல் சல்லடை மட்டுமே. அதைத் தாண்டியவர்களை வேலூருக்கு வரவழைத்துச் சில நாட்கள் நேர்காணலும் குழுப் பணிகளும் வைத்துப் பார்ப்பார்கள். படித்து முடித்தவர் இரண்டாண்டு தேவையுள்ள ஊர் மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும். மருத்துவரைத் தேர்வுசெய்வதும் மருத்துவமனைக்கு ஆள் அனுப்புவதும் அங்கே ஒரே காரியம். நீட் கட்டாயமானபோது, 2017-ல், அந்தக் கல்லூரி நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பி மற்றதைக் காலியாக விட்டது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீட் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. ஒரு நூற்றாண்டு அனுபவம் ஒரு வரிசை எண்ணுக்கு முன்னால் கைகட்டி நின்றது.

சென்னை ஐ.ஐ.டி.யே, நுழைவுத்தேர்வின் கோட்டை என்று பெயர்பெற்ற இடம், 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் வேறு வழியைத் திறந்தது. ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரம் பாடம் நடத்துவார்கள். வாரந்தோறும் பயிற்சி செய்து அனுப்ப வேண்டும். பிறகு அந்தப் பாடத்திலேயே தேர்வு. தேறியவர் அனைவருக்கும் இடம். முதலில் கற்றுக்கொடுத்துவிட்டுப் பிறகு கேள்வி கேட்கும் இந்த முறையில் நன்னூல் வாசனை அடிக்கிறது.

தகுதியில் ஏறக்குறைய சமமாக இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் என்ன செய்வது? ஒரு மதிப்பெண்ணில் பல்லாயிரம் பேர் முட்டிக்கொள்ளும் பட்டியலில், 601 எடுத்தவர் 600 எடுத்தவரைவிட மேலான மருத்துவர் ஆவார் என்று எந்த நேர்மையானவரும் சொல்ல மாட்டார். இதற்குச் சீட்டுக் குலுக்கல் ஒரு நேர்மையான வழி. நெதர்லாந்தில் பல பத்தாண்டுகள் மருத்துவ இடங்களை, மதிப்பெண் கூடியவருக்கு வாய்ப்பும் கூடும்படி அமைத்த குலுக்கலில்தான் கொடுத்தார்கள். இடையில் 2017-ல் நிறுத்தி, 2023-ல் மறுபடி அனுமதித்தார்கள். தமிழருக்கு இது புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. முதலில் தகுதி: வயது, கல்வி, கணக்கில் நாணயம். பிறகு தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வது. (அந்தத் தகுதியில் கால் வேலி நிலமும் வேத அறிவும் இருந்ததால் உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவே வழியில்லை என்பதையும் மறைக்க வேண்டாம்.) தகுதிக்குக் கீழ்வரம்பு வைத்து, அதற்குமேல் மனித ஆணவத்துக்கு இடம் தராத அந்த அறிவை இன்றைய தேர்வு முகமைகள் பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வரலாம்.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. 2021-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சில படிப்புகளுக்குக் கட் ஆஃப் நூற்றுக்கு நூறு ஆனது; மதிப்பெண்ணை வாரி வழங்கும் போர்டுகள் அதற்குக் காரணம் என்று சச்சரவு எழுந்து, மறு ஆண்டே பொது நுழைவுத்தேர்வு வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும், தான் கைவிட்ட எஸ்.ஏ.டி. தேர்வை 2022-ல் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் எம்.ஐ.டி. அந்த மதிப்பெண்ணைப் பள்ளிப் பின்னணியோடு வைத்துப் பல சான்றுகளில் ஒன்றாகப் படிக்கிறது, எஸ்.ஏ.டி.யை ஓராண்டிலேயே பலமுறை எழுதலாம். இங்கே இருப்பது அதுவல்ல.

இலங்கை அனுபவம் மட்டும் நின்று யோசிக்க வைக்கிறது. 1971-ல் அங்கே தரப்படுத்தல் என்ற பெயரில், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ்மொழியில் எழுதிய மாணவர் சிங்களத்தில் எழுதியவரைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர்களின் கசப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். மதிப்பெண்ணைச் சூழலோடு பார்ப்பது அரசின் கையில் இனவாத ஆயுதமாகவும் மாறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. இப்போது இலங்கையில் உயர்தரப் பரீட்சை இசட்-புள்ளி அடிப்படையில் பல படிப்புகளுக்கு 40 சதவீத இடம் நாடு தழுவிய தகுதிக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மன்னாரும் இருக்கின்றன. மொழியைப் பார்த்து வெட்டிய கத்தி அநீதி; போர் தின்ற மாவட்டத்தைப் பார்த்து நீளும் கை நீதி. வேறுபாடு தெரியாதவர்கள் ஆட்சியில் இருந்தால் அதற்கு அறத்தின்மேல் பழி போடக்கூடாது.

தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். டெல்லியோடு போராடுவது சரி. பள்ளி மதிப்பெண்ணை நம்பு என்று டெல்லியிடம் கேட்கும் மாநிலம், அந்த மதிப்பெண் நம்பத்தக்கதாக இருக்கவேண்டிய கடமையிலிருந்து தப்பிக்க முடியாது. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த நாமக்கல் பாணிப் பள்ளிகளுக்குக் கடிவாளம் போடத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பிளஸ் ஒன் படித்தார்கள் என்பதற்கு இப்போது என்ன சாட்சி? பொதுத்தேர்வு வேண்டாம் என்றால், செய்முறை ஏட்டையும் பருவத் தேர்வு விடைத்தாள்களையும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் திருத்தும் ஏற்பாடாவது வேண்டும். பூந்தமல்லிப் பள்ளியின் தாள் திருவள்ளூருக்கும் திருவள்ளூர்த் தாள் பூந்தமல்லிக்கும் போகட்டும். இதற்கு ஆளுநர் மாளிகையின் கையெழுத்து தேவையில்லை; அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போதே தொடங்கிவிடலாம்.